9 வயது மகளுக்கும் 34 வயது நாத்தனாருக்கும் முன்பல் தூக்கல்: இரண்டு பேருக்கும் க்ளிப்தானா?

தாமிரபரணி_அம்மா கேட்டது:

மகளுக்கு 9 வயது 8 மாதம். மேல் முன்பல் நான்கும் தூக்கலாக இருக்கின்றன. சும்மா இருக்கும்போதுகூடக் கீழ் உதடு மேல் பல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு இடத்தில் காட்டினோம். இப்போதே மேல்வரிசை முன்பல்லுக்கு மட்டும் க்ளிப் போட்டு உள்ளே தள்ளிவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர். பால்பல் எல்லாம் விழட்டும், 13 வயதில் வாருங்கள் என்கிறார் இன்னொருவர்.

ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே தட்டுகிறேன்: ஓவர்ஜெட் (மேல், கீழ் முன்பல்லுக்கு இடையே முன்பின் இடைவெளி) 8 மி.மீ., ஓவர்பைட் (மேல் முன்பல் கீழ்ப்பல்லை மூடும் ஆழம்) 5 மி.மீ., இரு பக்கமும் கிளாஸ் 2 மோலார் (கீழ்க் கடைவாய்ப்பல் பின்தங்கிய கடி), எஸ்என்ஏ 81, எஸ்என்பி 75, ஏஎன்பி 6, எஃப்எம்ஏ (கீழ்த்தாடை விளிம்பின் சாய்வு) 24, மேல் முன்பல் சாய்வு எஸ்என் கோட்டுக்கு 112, ஐஎம்பிஏ (கீழ் முன்பல் சாய்வு) 95, கழுத்தெலும்பு முதிர்ச்சி நிலை 2. ஓபிஜியில் (முழுத் தாடை எக்ஸ்ரேயில்) எல்லாப் பல்லும் இருக்கிறது. கோரைப்பல் இன்னும் மேலேயே நிற்கிறது.

வீட்டிலேயே இன்னொரு கேஸும் உண்டு. நாத்தனாருக்கு 34 வயது. வரிசையாக இருந்த பல்தான். ஒன்றரை வருடமாக மேல் முன்பல் ஒன்று வெளியே வந்து, நடுவில் சந்து விழுந்திருக்கிறது. கீழ்வரிசையில் நெருக்கம் உண்டு. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. ஸ்கேன் மட்டும் எடுத்துவிட்டு, 16 செட் அலைனர் (கழற்றி மாட்டும் நிறமில்லாத பிளாஸ்டிக் உறை) போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு பேருக்கும் எதை முதலில் செய்வது?

---

கம்பிவளைவு (பல் சீரமைப்பு, எம்.டி.எஸ்.) எழுதியது:

எண்களோடு கேட்டது நல்லது. முதலில் மகள்.

எஸ்என்ஏ மேல்தாடை எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கிறது. சராசரி 82, உங்கள் மகளுக்கு 81. மேல்தாடையில் குறை இல்லை. எஸ்என்பி கீழ்த்தாடைக்கு உரியது, சராசரி 80, இங்கே 75. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏஎன்பி. 2 இருக்க வேண்டிய இடத்தில் 6 இருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு "மேல் பல் தூக்கல்". எக்ஸ்ரே சொல்வதோ கீழ்த்தாடை பின்தங்கியிருக்கிறது என்று. மேல் பல்லும் 112 டிகிரிக்குச் சாய்ந்திருக்கிறது, வழக்கமாக 103, 104 அளவில் இருக்கும். அந்தச் சாய்வுக்குக் கீழ் உதடு பின்னால் மாட்டிக்கொள்வதும் ஒரு காரணம்.

இதை வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துவிடலாம். கடைவாய்ப்பல் சேரக் கடிக்கச் சொல்லிப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுங்கள். பிறகு கீழ்த்தாடையை முன்னால் நகர்த்தி, மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் விளிம்போடு விளிம்பு தொடும்படி நிறுத்தி, உதட்டை லேசாக மூடச் சொல்லி இன்னொரு போட்டோ. இரண்டாவது படத்தில் மோவாயும் உதடும் அழகாகச் சேர்ந்தால் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவரும் சிகிச்சை இவளுக்குப் பொருந்தும். முகம் கெட்டுப்போனால் டாக்டர் வேறு வழி யோசிப்பார். அந்த நிலையில் கடைவாய்ப் பக்கம் மேல்வரிசை குறுகலாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அந்தச் சிகிச்சைக்குப் போடும் மேல் பிளேட்டில் விரிவாக்கும் ஸ்க்ரூவும் வைக்க வேண்டும்.

இப்போதே மேலே மட்டும் க்ளிப் போட்டு உள்ளே தள்ளுவதை நான் ஏற்க மாட்டேன். காரணம் இரண்டு. ஓவர்ஜெட் என்கிற அந்த 8 மி.மீ. இடைவெளிதான் கீழ்த்தாடை முன்னே வருவதற்கு இருக்கும் வழி. மேல் பல்லை உள்ளே சாய்த்து அந்த வழியை அடைத்துவிட்டால், ஒரு வருடம் கழித்துத் தாடை வளரும்போது அதை முன்னே கொண்டுவர இடம் இருக்காது. இன்னொன்று கோரைப்பல். இந்த வயதில் இறங்காத கோரைப்பல்லின் தலை, பக்கத்து முன்பல் வேரை ஒட்டி நிற்கும். அந்த நேரத்தில் அந்தப் பல்லைக் கம்பியால் நகர்த்தி வேரைக் கோரைப்பல் மேல் மோதவிட்டால் வேர் கரையும். 8 முதல் 11 வயதுக்குள் முன்பற்கள் விசிறி மாதிரி விரிந்து, நடுவில் சந்தோடு தெரிவதற்கும் இதே கோரைப்பல்தான் பெரும்பாலும் காரணம். அது இறங்கியதும் சின்னச் சந்துகள் தானாக மூடும்.

13 வரை காத்திருங்கள் என்பதும் சரியல்ல, பெண் குழந்தைக்கு அது தாமதம். நம் வீடுகளில் "வயசுக்கு வந்த பிறகு க்ளிப் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறோம். உயரம் வேகமாகக் கூடும் உச்சகட்டம் பெரும்பாலும் பூப்புக்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே வந்துபோய்விடும். தாடை வளர்ச்சியும் அதையொட்டியே நடக்கும். பூப்புக்குப் பிறகு வளர்ச்சி அடியோடு நின்றுவிடாது, ஆனால் கைக்குக் கிடைப்பது மிச்சம்தான்.

கழுத்தெலும்பு நிலை 2 என்றால் உச்சத்துக்குச் சராசரியாக ஒரு வருடம் இருக்கிறது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இரண்டாவது, மூன்றாவது கழுத்தெலும்புகளின் அடிவிளிம்பு இரண்டும் குழிவாகத் தெரிந்தால் அது நிலை 3. கீழ்த்தாடையை முன்னே கொண்டுவரும் ட்வின் பிளாக் என்ற கழற்றி மாட்டும் பிளேட்டைத் தொடங்க நல்ல நேரம் அது. வீட்டுச் சுவரில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உயரத்தைக் குறித்து வையுங்கள். கோடு வேகமாக ஏறத் தொடங்கியதும் போய்க் காட்டுங்கள். உயரம் எப்படிப் போனாலும் 6 மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை உண்டு. எக்ஸ்ரே அப்போது தேவைப்பட்டால் மட்டும் போதும், ஒவ்வொரு முறையும் வேண்டாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இப்போதே முதல் கட்டம் தொடங்கினால் கடைசியில் கிடைக்கும் கடிவாய், பருவ வயதில் ஒரே கட்டமாகச் செய்வதைவிட மேலாக இருப்பதில்லை என்பது காக்ரேன் மதிப்பாய்வின் (பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் மருத்துவ அறிக்கையின்) முடிவு. முன்பல் அடிபட்டு உடைவது மட்டும் குறைகிறது. எனவே பெண் ஓடி ஆடி விளையாடுகிறவள், ஏற்கெனவே பல் முனை உடைந்திருக்கிறது, பள்ளியில் கேலிக்கு அழுகிறாள் என்றால் முன்கூட்டியே தொடங்குவதில் நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் விளையாடும்போது மவுத்கார்ட் போடட்டும். பல் இன்னும் வளர்ந்து மாறுகிற வயது என்பதால் கடைகளில் கிடைக்கும் வெந்நீரில் மிருதுவாக்கிக் கடிக்கும் வகையை அவ்வப்போது புதிதாக வாங்கினாலே போதும். ஒருவேளை நிரந்தர முன்பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் பல்லின் தலையை (வாயில் வெளியே தெரியும் பகுதியை) மட்டும் பிடித்து, அழுக்கு இருந்தால் பாலிலோ உப்புத் தண்ணீரிலோ ஒரு முறை அலசி, உடனே அதே குழியில் செருக வேண்டும். செருக முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் சேர வேண்டும். பால்பல் விழுந்தால் திரும்பச் செருகக் கூடாது.

இடைப்பட்ட இந்த ஒரு வருடத்தில் கவனிக்க வேண்டியது கீழ்வரிசையின் கடைசிப் பால் கடைவாய்ப்பல். அதற்கு அடியில் வரும் பிரீமோலார் (நிரந்தரச் சிறு கடைவாய்ப்பல்) அதைவிடச் சிறியது. பால்பல் வரிசை மாறும்போது கீழே ஒரு பக்கத்துக்கு 1.7 மி.மீ. அளவுக்கு இடம் மிஞ்சுவது இதனால்தான். சொத்தை என்று அந்தப் பால்பல்லை முன்கூட்டியே பிடுங்கினால் பின்னாலிருக்கும் 6 வயசுப் பல் (முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்) முன்னே சரிந்து அந்த இடத்தைத் தின்றுவிடும். வேர் சிகிச்சை செய்து ஸ்டீல் கேப் போடுங்கள். பிடுங்கியே தீர வேண்டும் என்றால் அன்றைக்கே இடம் காக்கும் வளையத்துக்கு அளவு எடுக்கச் சொல்லுங்கள்.

தூங்கும்போது வாய் திறந்து குறட்டை விடுகிறாளா? ஆம் என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

---

பிளேட்_பட்டறை (டென்டல் லேப்) எழுதியது:

அக்கா, டாக்டர் சொன்ன ட்வின் பிளாக் பற்றிச் செய்கிற பக்கமிருந்து கொஞ்சம் சொல்றேன். எங்கே கெட்டுப்போகுதுன்னு தெரிஞ்சா உங்களால சரியாக் கவனிக்க முடியும்.

ஸ்காட்லாந்து டாக்டர் வில்லியம் கிளார்க் 1977-ல் கொண்டுவந்த கருவி இது. மேலே ஒரு அக்ரிலிக் பிளேட், கீழே ஒரு பிளேட். ரெண்டிலும் கடைவாய்ப் பக்கம் ஒரு மேடு இருக்கும். மேடுகள் சந்திக்கும் சரிவு 70 டிகிரி. வாயை மூடும்போது கீழ் மேடு மேல் மேட்டுக்கு முன்னால வழுக்கி உட்காரும், தாடை தானா முன்னே வந்துடும்.

எல்லாம் மெழுகுக் கடியில்தான் இருக்கு. டாக்டர் பிள்ளையோட தாடையை 5 முதல் 7 மி.மீ. முன்னே கொண்டுவந்து, முன்பல்லுக்கு நடுவே 2 மி.மீ. சந்து விட்டு, நடுக்கோடு சேருதான்னு பார்த்து மெழுகில் கடிக்க வைக்கணும். அந்த மெழுகு வெயிலில் வந்து லேசா இளகியிருந்தாக்கூட பிளேட் தப்பாப் போகும். பிரீமோலார் பக்கம் மேடு 5 மி.மீ. உயரத்துக்குக் குறைஞ்சா, பிள்ளை வாயை மூடும்போது தாடையைப் பின்னாலேயே விட்டு மேட்டு மேலேயே கடிச்சுக்கும். பார்க்கப் போட்டிருக்கிற மாதிரி இருக்கும், வேலை நடக்காது. முதல் வாரத்திலேயே கவனிங்க: பிளேட்டோட வாய் மூடினா முன்பல் கிட்டத்தட்ட ஒண்ணுக்கொண்ணு நேராத் தெரியணும்.

9, 10 வயசில் இன்னொரு தொல்லை, பிடிப்பு. கம்பி கொக்கி நல்லாப் பிடிக்க நிரந்தரப் பல் வேணும். மேலே 6 வயசுப் பல் இருக்கு, 0.7 மி.மீ. கம்பியில் ஆடம்ஸ் கொக்கி போட்டுடலாம். கீழே பிரீமோலார் வராத நிலையில் பால் கடைவாய்ப்பல்லில் கொக்கி வழுக்கும், அந்தப் பல்லும் சீக்கிரம் ஆட ஆரம்பிச்சுடும். கீழ் பிளேட் தளர்ந்துட்டா பிள்ளைங்க நாக்கால தூக்கித் தூக்கி விளையாடுவாங்க, கொக்கி உடைஞ்சுடும். கொஞ்சம் பொறுத்து பிரீமோலார் வந்த பிறகு செய்றது எங்களுக்கும் சுலபம்.

பேச்சுதான் நல்ல சாட்சி. முதல் பத்து நாள் குழறும், எச்சில் ஊறும். ஒழுங்காப் போட்டா ரெண்டு வாரத்தில் தெளிவாப் பேச வந்துடும். ஒரு மாசம் ஆகியும் குழறினா வீட்டில் மட்டும், அதுவும் நீங்க பார்க்கும்போது மட்டும் போடுறாங்கன்னு அர்த்தம். பல் தேய்க்கவும், பழகும் வரைக்கும் சாப்பிடவும் கழற்றலாம். பள்ளியில் கழற்றினா டப்பாவில் வைக்கணும். டிஷ்யூவில் சுத்தி டிபன் பாக்ஸ் பக்கத்தில் வச்சது நேரா குப்பைக்குப் போயிடும். வெந்நீரில் போடாதீங்க, வளைஞ்சுடும். பச்சைத் தண்ணி, சோப்பு, மெத்துன்னு ஒரு பிரஷ் போதும். பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா கீறல் விழுந்து அதில் நாத்தம் தங்கும்.

---

கம்பிவளைவு எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று. ட்வின் பிளாக் போடத் தொடங்கியதும் மாதம் ஒரு முறை ஓவர்ஜெட்டை அளந்து எழுதச் சொல்லுங்கள். பிளேட் இல்லாமல், தாடையைத் தளர்த்திப் பின்னால் விட்டுக் கடிக்க வைத்து அளக்க வேண்டும். மாதத்துக்கு 1 மி.மீ. அளவில் குறைய வேண்டும். இரண்டு மாதம் அசையாவிட்டால் டாக்டர் வேறு கருவிக்கு மாறுவதற்கு முன் எத்தனை மணி நேரம் போடுகிறாள் என்பதைப் பார்க்க வேண்டும். ஓவர்பைட் 5 மி.மீ. இருப்பதால், மேல் பிளேட்டின் மேட்டை ஒவ்வொரு வருகையிலும் 1, 2 மி.மீ. தேய்த்துவிட்டால் கீழ்க் கடைவாய்ப்பல் எழும்பிக் கடி ஆழம் குறையும். பிளேட் கட்டம் 9 மாதம், ஒரு வருடம் ஆகும். அதன்பிறகு கொஞ்ச காலம் இரவில் மட்டும். நிரந்தரப் பல் எல்லாம் வந்ததும் வரிசையைச் சீராக்க க்ளிப்.

இந்தத் திருத்தத்தில் பெரும்பகுதி பற்கள் சாய்வதால் வருவது, தாடை எலும்பு மாறுவது சிறுபகுதி. மகளின் ஐஎம்பிஏ 95 என்பதால் கீழ் முன்பல் மேலும் வெளியே சாய்கிறதா, ஈறு இறங்குகிறதா என்று டாக்டர் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

---

ஈறும்_எலும்பும் (ஈறு மருத்துவம்) எழுதியது:

நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். இதில் அவசரம் அதிகம்.

வரிசையாக இருந்த பல் முப்பது வயதுக்கு மேல் வெளியே வந்து புதிதாகச் சந்து விழுந்தால், கூடவே ரத்தமும் வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது எலும்புத் தேய்மானத்தை. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு குறைந்து, நாக்கும் உதடும் தருகிற சாதாரண அழுத்தத்துக்கே பல் நகர்ந்திருக்கிறது. வாய்க்குள் எடுக்கும் ஸ்கேன் பல்லின் வெளித்தோற்றத்தை மட்டும் காட்டும். ஈறுக்கு அடியில் எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரியாது. எலும்பு அளவே தெரியாமல் 16 செட் கணக்கிட்டது எனக்குக் கவலை தருகிறது.

கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை: ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் மெல்லிய அளவுக்கோல் விட்டு ஈறுப் பையின் ஆழம். 3 மி.மீ. வரை சரி. 4-ம் அதற்கு மேலும், தொட்டால் ரத்தமும் என்றால் நோய். முன்பற்களுக்குச் சின்ன எக்ஸ்ரே, எந்தப் பல் எவ்வளவு ஆடுகிறது என்ற குறிப்பு, ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரை அளவு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் ஈறு ஆறாது. சிகரெட், புகையிலை இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதன்பின் ஆழமான சுத்தம், ஈறுக்கு அடியில் வேர் வரை. இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி அதே ஆறு இடத்தில் அளவு. பைகள் 4 மி.மீ.-க்குள் வந்து, ரத்தம் நின்ற பிறகுதான் பல்லை நகர்த்தலாம். வீக்கம் இருக்கும்போது நகர்த்தினால் மிச்சமிருக்கும் எலும்பும் வேகமாகக் கரையும்.

விசையும் முக்கியம். வேலிக்கல்லைச் சுற்றிப் பாதி மண் அரித்துப் போனால், முன்பு அசையாத அதே தள்ளலுக்கு இப்போது சாயும். பல்லும் அதுபோலத்தான், எலும்பு குறையக் குறைய அதே விசைக்கு அதிகம் சாயும். வெளியே வந்த பல் கூடவே கொஞ்சம் கீழே இறங்கியும் இருக்கும். அதை மேலே ஏற்ற 10, 20 கிராம் விசை போதும். சிகிச்சை நடக்கும் காலம் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுத்தம்.

இன்னொன்றை முன்பே சொல்லிவைக்க வேண்டும். பல் நேரானதும் ஈறு ஓரத்தில் கறுப்பு முக்கோணச் சந்து தெரியலாம். இரு பல் தொடும் இடத்திலிருந்து எலும்பு 5 மி.மீ.-க்குள் இருந்தால் ஈறு பெரும்பாலும் நிரம்பிவிடும். 7 மி.மீ. போனால் அநேகமாக நிரம்பாது. பல்லின் பக்கவாட்டை டாக்டர் மெல்லத் தேய்த்துத் தொடும் இடத்தை ஈறை நோக்கி நீட்டினால் முக்கோணம் சிறிதாகும்.

---

தாமிரபரணி_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாத்தனார் க்ளீனிங்குக்கே பயப்படுகிறாள். "சுத்தம் பண்ணினா பல் ஆடும், சந்து விழும்" என்று மாமியாரும் சொல்கிறார். அப்புறம், மேலே பல் பிடுங்கினால் கண் பாதிக்கும் என்ற பயமும் இருக்கிறது. ஈறு சரியான பிறகு அவளுக்கு அலைனரா, கம்பியா?

---

ஈறும்_எலும்பும் எழுதியது:

காரை, அதாவது பல்லில் இறுகிய அழுக்கு, பல்லோடு பல்லை ஒட்டிப் பிடித்திருக்கும். வீங்கிய ஈறு சந்தை மூடியிருக்கும். காரையை எடுத்து வீக்கம் வடிந்ததும், ஏற்கெனவே போய்விட்ட எலும்பின் அளவு வெளியே தெரிகிறது. அந்த ஆட்டத்தையும் சந்தையும் உண்டாக்கியது காரை. கூச்சம் சில வாரம் இருக்கும், கூச்சத்துக்கான பேஸ்ட் போதும். மாமியாரிடம் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள், கண்ணால் பார்த்தால் ஒப்புக்கொள்வார்.

---

கம்பிவளைவு எழுதியது:

மேல் பல்லுக்குப் போகும் நரம்பு முகத்தின் உணர்வு நரம்பு. பார்வை நரம்பு முற்றிலும் வேறு. பல் எடுப்பதால் பார்வை போகாது. அதுவும் நாத்தனாருக்குப் பல் எடுக்கத் தேவைப்படும் என்றே நான் நினைக்கவில்லை. கீழ் நெருக்கம் 3, 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கோரைப்பல்லிலிருந்து மறு கோரைப்பல் வரை ஐந்து தொடும் இடம், அவற்றுக்கு வெளியே பிரீமோலாரோடு இரண்டு, ஆக ஏழு. ஒவ்வொன்றிலும் 0.5 மி.மீ. தேய்த்தாலே 3.5 மி.மீ. கிடைக்கும். நெருக்கம் 8, 10 மி.மீ. தாண்டினாலோ, மேலும் கீழும் இரண்டு வரிசையும் வெளியே தள்ளி உதடு மூட முடியாமல் இருந்தாலோதான் பிரீமோலார் எடுப்பதைப் பற்றிப் பேச்சு வரும். நம் ஊரில் இந்த இரண்டாவது வகை நிறைய உண்டு, அவர்களுக்குப் பல் எடுக்காமல் வரிசைப்படுத்தினால் முகம் இன்னும் முன்னே தள்ளித் தெரியும்.

அலைனர், கம்பி இரண்டாலும் இவருக்குச் செய்யலாம். அலைனர் கழற்றி ஈறைச் சுத்தமாகத் தேய்க்க விடும், இவருக்கு அது பெரிய லாபம். ஒரு செட்டுக்கு ஏறத்தாழ 0.25 மி.மீ. நகரும், ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும். காபி, டீக்கு நாலு தடவை கழற்றி அரை மணி நேரம் மறந்தால் கணக்கு தப்பிவிடும். பல் முனைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் பல் பின்தங்குகிறது, அடுத்த செட்டுக்குப் போகக் கூடாது. உருண்டையான பல்லைத் திருப்புவதிலும், பல்லை மேலும் கீழும் நகர்த்துவதிலும் அலைனர் பலவீனம். வெளியே வந்து இறங்கிய அந்தப் பல்லுக்கு டாக்டர் எந்த வழியில் ஏற்றப்போகிறார் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

கம்பி என்றால் விசையை 10, 20 கிராமுக்கு நுணுக்கமாக வைக்கலாம். பின்பற்கள் பிடிமானத்துக்குப் போதாவிட்டால் 1.5 மி.மீ. தடிமனுள்ள சின்ன ஸ்க்ரூவை எலும்பில் வைத்து இழுக்கலாம். செராமிக் பிராக்கெட் (பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடிக்கும் சிறு துண்டு) எடுத்தால் நிறமில்லாத ரப்பர் வளையம் வேண்டாம், நம் சாம்பார் மஞ்சளுக்கு இரண்டே நாளில் மஞ்சளாகிவிடும். சாம்பல் நிறமோ மெல்லிய ஸ்டீல் கட்டுக்கம்பியோ போடச் சொல்லுங்கள். முறுக்கு, சீடை, கரும்பு, கடலை மிட்டாய் நேராகக் கடிக்கக் கூடாது. பிராக்கெட் திரும்பத் திரும்பக் கழன்றால் ஒட்டும்போது எச்சில் பட்டிருக்கிறது, அல்லது எதிர்ப்பல் அதன்மேல் கடிக்கிறது. வெறுமனே மறுபடி ஒட்டினால் நிற்காது.

எலும்பு குறைந்த வாயில் பல் பழைய இடத்துக்கு ஓடும் வேகம் அதிகம். முடிந்த அன்றே பல்லின் உள்பக்கம் மெல்லிய முறுக்குக் கம்பி ஒட்ட வேண்டும், அதை எடுக்கவே கூடாது. அந்தக் கம்பி ஒரு பல்லில் மட்டும் விட்டுப்போனால் வலிக்காது, தெரியாது. அந்தப் பல் மட்டும் தனியாக நகரும். மாதம் ஒரு தடவை கண்ணாடி முன்னால் நின்று நாக்குப் பக்கம் ஒவ்வொரு ஒட்டையும் நகத்தால் மெல்லத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று அசைந்தாலும் அந்த வாரமே காட்ட வேண்டும்.